புது லெதர் கிளைம்பிங் ஷூ கால உயிரோட கொல்லுது, எப்படி பழக்குறது?

மாடிப்படி_மாறன்:
எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் மதுர, வேலைக்காக பெங்களூர்ல இருக்கேன், ஆறு மாசமா கண்டீரவா ஸ்டேடியத்துல இருக்குற கிளைம்பிங் வால்ல (பாறை மாதிரி ஏறிப் பழகுற சுவரு) ஏறிட்டிருக்கேன். இவ்ளோ நாளும் வாடக ஷூதான், அதுல அடுத்தவன் கால் வாட தாங்காம போன வாரம் சொந்தமா ஒண்ணு வாங்கிட்டேன். லேஸ் வச்சது, முழு லெதர், உள்ள லைனிங் துணி கிடையாது. சாதாரண ஷூ எனக்கு 42, கடைல இருந்த பையன் "லெதர் விடும் சார், கண்ண மூடிட்டு 40 எடுங்க"ன்னான், நானும் கண்ண மூடிட்டுதான் எடுத்தேன் போல. வீட்ல போட்டுப் பாத்தா மூணு நிமிஷம் தாங்கல, விரலெல்லாம் மரத்துப் போகுது, கழட்டினா கட்டவிரல் மூட்டு கத்திரிக்கா கலர்ல இருக்கு.

யூடியூப்ல ஒருத்தன் ஷூவோட சுடுதண்ணில நில்லுங்குறான், ஒருத்தன் ஹேர் டிரையர் அடிங்குறான், இன்னொருத்தன் கவர்ல தண்ணி ஊத்தி ஷூக்குள்ள விட்டு ஃப்ரீசர்ல வைங்குறான். அம்மாட்ட போன்ல சொன்னா "வெளக்கெண்ண தடவி ராத்திரி பூரா வைடா, உங்க தாத்தா செருப்புக்கு அப்படித்தான் வைப்பாரு"ங்குறாங்க. டிசம்பர் மூணாவது வாரம் பாதாமிக்கு பாறை ஏறப் போறோம், கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட்டும் போட்டாச்சு, மூணு வாரம்தான் டைம் இருக்கு. எத நம்புறது?

பாறைப்பல்லி:
முதல்ல ஷூவ கழட்டி வச்சுட்டு படிங்க மாறன்.

லைனிங் இல்லாத லெதர்னா கடைப்பையன் சொன்னது முழுப் பொய் இல்ல, ஒரு சைஸ் அளவுக்குக்கூட விடும். லைனிங் வச்ச லெதர்னா அர சைஸ்தான், சிந்தெடிக்னா அனேகமா வாங்குனப்ப இருந்த மாதிரியே கடைசி வரைக்கும் இருக்கும். ஆனா அவன் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு, இந்த ஷூ அகலத்துலதான் நல்லா விடும், நீளத்துல ரொம்ப கொஞ்சம். ஏன்னா முனையிலயும் குதிகாலுக்குப் பின்னாடியும் ரப்பர் பட்டைய இழுத்துப் புடிச்சு சுத்தி ஒட்டிருப்பாங்க, அதுதான் ஷூவோட எலும்பு மாதிரி, லெதர் எவ்ளோ எளகுனாலும் அது விட்டுக்குடுக்காது. அதனால எங்க வலிக்குதுன்னு பாக்கணும். பாதத்தோட ரெண்டு பக்கமும், விரல் மூட்டுக்கு மேலயும் நெருக்குனா சரியாயிடும். குதிகால் நரம்பு மேல விளிம்பு வெட்டுற மாதிரி இருந்தாலோ, நகமே முனையில முட்டி விரல் உள்ள மடங்கி ஒண்ணு மேல ஒண்ணு ஏறுனாலோ அது பழகாது, அளவே தப்பு.

நான் பண்றது இதான். நகத்த ஒட்ட வெட்டு. காலுக்கு மெல்லிசா ஒரு பாலிதீன் கவர மாட்டிட்டு ஷூவுக்குள்ள விடு, வழுக்கிட்டு உள்ள போயிடும், போனதும் கவர உருவிடலாம். லேஸ் லூசா விட்டு சீரியல் பாக்குறப்ப பத்து நிமிஷம் போடு, மரத்துப் போறதுக்கு முன்னாடியே கழட்டிடு, அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி. சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கிருக்கும், அப்போ போட்டா இன்னும் வேகமா விடும். ரெண்டாவது வாரத்துல இருந்து வால்ல போய் ஈசியான ரூட்டா ஏறு, ஒவ்வொரு ரூட் முடிஞ்சதும் குதிகால கழட்டி விட்டுடு. சும்மா வீட்ல நிக்குறத விட ஏறும்போதுதான் சீக்கிரம் விடும், கால் ஒவ்வொரு பக்கமா திரும்பி அழுத்துது இல்லையா.

டைனோ_டேவிட்:
இதெல்லாம் எதுக்கு ப்ரோ, வலி இல்லாம கிளைம்பிங்கா, நான்லாம் 43 காலுக்கு 39 போடுறேன், பல்லக் கடிச்சுட்டு ஒரு மாசம் ஓட்டுங்க.

சாக்பீஸ்:
டேவிட் தம்பி, உன்ன மாதிரி ஒருத்தர் பேச்சக் கேட்டுதான் நான் முதல் ஷூ வாங்குனேன், வலது கட்டவிரல் நகம் கருத்து விழுந்து மறுபடி மொளைக்க அர வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த நேரம் பூரா கீழ நின்னு அடுத்தவங்களுக்கு கயிறுதான் புடிச்சேன். கூரை மாதிரி சரிஞ்ச பாறைல விரல் நுனில தொங்குறவங்களுக்கு அந்த இறுக்கம் தேவப்படலாம். ஆறு மாசம் ஏறுனவருக்கு எதுக்கு?

மாறன், பாதாமி போயிருக்கேன், அது செம்மணற்பாறை, நிறைய ரூட்டு நேர்க்குத்தா நிக்கும், கைக்கும் காலுக்கும் சின்னச்சின்ன விளிம்பா கிடைக்கும். அதுல விரல் லேசா மடங்கி முனைய தொட்டா போதும், நின்னு நின்னு யோசிச்சு ஏறுற எடம் அது, கால் வலிச்சா நிக்கவே மனசு வராது. லா ஸ்போர்ட்டிவா மித்தோஸ் மாதிரி லேஸ் குதிகால் வரைக்கும் சுத்திப் போற ஷூவ நாள் பூரா போட்டு ஏறுறவங்க இருக்காங்க, அவங்க ஒண்ணும் சோம்பேறிங்க இல்ல.

இன்னொண்ணு, எந்த ஊர் போனாலும் ஷூவ வெயில்ல நிறுத்துன கார்ல விட்டுட்டுப் போகாதீங்க. எனக்கு அப்படித்தான் ஒரு ஜோடி முனையில வாயப் பொளந்துச்சு.

ஆம்பூர்_ஆளு:
நான் பாறையெல்லாம் ஏறுனது இல்லீங்க, ஏலகிரிக்கே பஸ்லதான் போவேன். ஆனா இருபது வருஷமா தோல் வேல, மொதல்ல தோல் பதம் பண்ற தொட்டில, இப்ப ஷூ கம்பெனில. அதனால தோல் பத்தி மட்டும் சொல்றேன்.

வெளக்கெண்ண வேணாம். அம்மா சொல்றது பழைய காலத்து தோல் செருப்புக்கு சரி, அது ஆவாரம்பட்ட, கடுக்கா போட்டு பதம் பண்ண தோலு, வெரப்பா நிக்கும், எண்ணெய் குடிச்சாத்தான் வளையும், அதுல ரப்பரும் கிடையாது பசையும் அதிகம் கிடையாது. இப்ப ஷூ மேல்பக்கத்துக்கு வர்ற தோல் பெரும்பாலும் குரோம்ல பதம் பண்ணது, ஏற்கனவே எளக்கமாத்தான் இருக்கும். அதுல எண்ணெய ஊத்துனா தோல் தொளதொளன்னு ஆகி அடங்கவே அடங்காது, எண்ணெய் பசைக்குள்ள எறங்கும், அடி ரப்பர்ல பட்டா வழுக்கும், நீங்க பாறைல வழுக்குனா நான் பொறுப்பில்ல.

ஹேர் டிரையரும் வேணாம். கம்பெனில பசையத் தடவி காயவச்சு, அப்புறம் சூடு காட்டித்தான் அத உசுப்பி ஒட்டுறோம். எந்தச் சூட்டுல ஒட்டுதோ அதே சூட்டுல விட்டும் போகும்.

தண்ணி வேல செய்யும். தோல்ங்குறது நாரு நாரா பின்னுன சமாச்சாரம், ஈரத்துல அந்த நாருங்க ஒண்ணுமேல ஒண்ணு வழுக்கி நகரும், காஞ்சதும் நகந்த எடத்துலயே நின்னுக்கும். ஆனா சுடுதண்ணி கூடாது, கொழந்தைய குளிப்பாட்டுற வெதுவெதுப்பு போதும். மேல்தோல் நனையுற அளவுக்கு நனைச்சு, கால்ல போட்டுட்டு, தாங்குற வரைக்கும் வீட்டுக்குள்ள நடங்க, கழட்டி பேப்பர திணிச்சு நெழல்ல காய விடுங்க. அடுப்பு பக்கம், வெயில் பக்கம் வேணாம், முறுக்கிக்கும். பேப்பர் திணிக்காம காயவச்சா சுருங்கி பழைய எடத்துக்கே வந்துடும், பட்ட பாடு வீண். ஒரு தடவ, மிஞ்சிப்போனா ரெண்டு தடவ, அதுக்கு மேல நனைக்காதீங்க.

ஃப்ரீசர் வேல பத்தி சிரிப்புதான் வருது. ஐஸ் எங்க எடம் இருக்கோ அங்கதான் வீங்கும், உங்க எலும்பு எங்க முட்டுதுன்னு அதுக்கு எப்படி தெரியும்?

பாறைப்பல்லி:
அண்ணே இந்த பேப்பர் விஷயம் எனக்கே தெரியாது, நான் இத்தன வருஷமா சும்மா காயவச்சுட்டு "ஏன்டா மறுபடி இறுகுது"ன்னு திட்டிட்டிருந்தேன்.

மாடிப்படி_மாறன்:
பன்னெண்டு நாள் கழிச்சு அப்டேட் போடுறேன். கவர் ஐடியா சூப்பர், முன்னாடி போடுறதுக்கே ரெண்டு நிமிஷம் மல்லுக்கட்டுவேன், இப்ப சல்லுனு போகுது. தண்ணி ஒரு தடவதான் பண்ணேன், ஆனா ஷூ சாயம் இறங்கி ரெண்டு காலும் நீலமாயிடுச்சு, வீடியோ கால்ல அம்மா பாத்துட்டு ரத்தம் கட்டிருச்சுன்னு ஒப்பாரி வைக்காத குறை. நேத்து வால்ல பதினஞ்சு நிமிஷம் கழட்டாம இருந்தேன், இடது கால் ஒறையில போட்ட கத்தி மாதிரி உக்காந்துருச்சு. வலது கால்ல மட்டும் சுண்டுவிரல் எலும்பு இன்னும் குத்துது. ரெண்டும் ஒரே சைஸ்தானே, இது மட்டும் ஏன் விடல?

ஆம்பூர்_ஆளு:
ரெண்டு காரணம் இருக்கலாம். நெறைய பேருக்கு ஒரு கால் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும், செவுத்துல குதிகால ஒட்டி நின்னு பென்சில்ல கோடு போட்டு அளந்து பாருங்க. இல்லேன்னா தோல்லயே வித்தியாசம். வயித்துப்பக்கத்து தோல் நல்லா விடும், முதுகுப்பக்கம் அவ்ளோ விடாது, வெட்டுறவங்க ஜோடி பாத்துத்தான் வெட்டுவாங்க, இருந்தாலும் மாடு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா வளரும்?

குத்துற எடத்துல சாக்குக்கட்டியால வெளிய அடையாளம் போடுங்க. அந்த எடத்த மட்டும் ஈரத்துணியால நனைச்சு, உள்ள இருந்து கரண்டிப் பின்பக்கத்த வச்சு அழுத்தித் தேயுங்க, அப்புறம் அங்கன மட்டும் துணிய உருண்டையா சுருட்டி திணிச்சு ராத்திரி விட்டுடுங்க. கால் வடிவ மரக்கட்ட வச்சிருக்குற செருப்பு தைக்கிறவர் யாராவது இருந்தா இன்னும் சுத்தமா பண்ணித் தருவாரு. ஆனா அந்த எடத்துல ரப்பர் பட்ட வருதான்னு பாத்துக்கோங்க, ரப்பர் இருந்தா கரண்டி ஒடஞ்சாலும் அது அசையாது.

மாடிப்படி_மாறன்:
இப்பதான் பாத்தேன், பாதி ரப்பர், பாதி லெதர். லெதர் பாதிய இன்னைக்கு ராத்திரி கரண்டியோட ஒரு கை பாத்துடுறேன். ட்ரெயினுக்கு இன்னும் ஒம்போது நாள் இருக்கு.

சாக்பீஸ்:
எதுக்கும் அந்த வாடக ஷூவையும் ஒரு ஜோடி கேட்டு வாங்கி பைல போட்டுக்கோங்க, வாடைய அங்க காத்து பாத்துக்கும்.