சட்டென்று கண் கலங்கும் சுபாவம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நான் பள்ளி ஆசிரியை. ஒரு பிள்ளையின் முகம் வாடியிருந்தால் வகுப்புக்குள் நுழையும்போதே எனக்குத் தெரிந்துவிடும். போன வாரம் ஒருத்தி டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். நெற்றியைத் தொட்டால் கொதிக்கிறது. அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் ஸ்டாஃப் மீட்டிங்கில் யாராவது குரலை உயர்த்தினால் போதும், தொண்டை அடைத்துக் கண்ணீர் வந்துவிடும். சொல்ல வந்த நியாயம் பாதியில் நின்றுவிடும். அப்புறம் இரவெல்லாம் அதே நினைப்பு.

உளவியலாளர் எலைன் ஏரன் 1990களிலிருந்து இப்படிப்பட்ட நுண்ணுணர்வைப் பற்றி எழுதிவருகிறார். இது நோயல்ல, பிறவிச் சுபாவம் என்கிறார். படித்ததும் பெரிய நிம்மதி. சரி, சுபாவத்தை மாற்ற வேண்டாம். அந்த நிமிஷத்தில் அழாமல் பேசி முடிக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எழுதிவைத்துப் பேசினால் பலன் இருக்குமா?