சாகுபடி என்பது உருபொருளா, உறவா? உழவர் குழுவுக்கான ஈ.ஆர். வரைபடம்

கேள்வி (மன்னார்குடி)

வணக்கம். எங்கள் ஊர் உழவர் குழுவின் சாகுபடிக் கணக்குகளுக்காக ஒரு தரவுத்தளம் வடிவமைத்து வருகிறேன். எவற்றைப் பற்றித் தகவல் சேமிக்கிறோம், அவை ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபடுகின்றன என்று காட்டும் ஈ.ஆர். வரைபடம் வரைகிறேன். அதில் விவசாயி, நிலம் இரண்டையும் உருபொருள்களாக, அதாவது தகவல் சேமிக்கப்படும் பொருள்களாகக் கொண்டு செவ்வகங்களாக வரைந்துள்ளேன். பெயரும் கைப்பேசி எண்ணும் விவசாயியின் பண்புக்கூறுகள். பரப்பும் பாசன வாய்க்காலும் நிலத்தின் பண்புக்கூறுகள். ஆனால் ஒரே நிலத்தைக் குறுவையில் பட்டாதாரரும் சம்பாவில் குத்தகைதாரரும் பயிரிடுகிறார்கள். அப்படியானால் நெல் ரகம், நடவுத் தேதி, கண்ட மூட்டைகள் ஆகியவற்றை எந்தச் செவ்வகத்தோடு இணைப்பது? ஒவ்வொரு நிலத்தையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைத் திறவுகோலாகச் சர்வே எண்ணை வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி (கும்பகோணம்)

நிலத்தை மட்டும் சொன்னால் நடவுத் தேதியைச் சொல்லிவிட முடியுமா? முடியாது. விவசாயியை மட்டும் சொன்னாலும் முடியாது. யார், எந்த நிலத்தில், எந்தப் பட்டத்தில் (சாகுபடிப் பருவத்தில்) என்ற மூன்றும் தெரிந்தால்தான் அது தெரியும் என்பதால், அது அந்த மூன்றையும் இணைக்கும் 'சாகுபடி' என்ற உறவின் பண்புக்கூறு. உறவுக்கும் பண்புக்கூறுகள் உண்டு என்பதைப் கணினி அறிவியலாளர் பீட்டர் சென் 1976இல் ஈ.ஆர். மாதிரியை முன்வைத்த கட்டுரையிலேயே காணலாம். 'உரிமை' என்பதைத் தனி உறவாக வையுங்கள். கூட்டுப் பட்டாவில் ஒரு நிலத்துக்குப் பலர் உரிமையாளர்கள். ஒருவருக்கே பல நிலங்களும் இருக்கும். ஆகவே அது பலவற்றுக்குப் பல என்ற உறவு. அட்டவணைகளாக மாற்றும்போது அதற்குத் தனி அட்டவணை தேவைப்படும்.

மறுமொழி (திருவையாறு)

சர்வே எண் மட்டும் போதாது. 45 என்ற எண் உங்கள் கிராமத்திலும் இருக்கும், பக்கத்துக் கிராமத்திலும் இருக்கும். 45/2 என்ற உட்பிரிவோ, 45 எது என்று தெரியாமல் பொருளே தராது. தன்னை அடையாளம் காட்ட வேறோர் உருபொருளைச் சார்ந்திருக்கும் இத்தகையவற்றை வலுவற்ற உருபொருள் என்பார்கள்; வரைபடத்தில் இரட்டைக் கோட்டுச் செவ்வகமாக வரைவார்கள். கிராமம், சர்வே எண், உட்பிரிவு மூன்றும் சேர்ந்ததே உங்கள் திறவுகோல்.

சாகுபடியைப் பற்றி மேலே நண்பர் சொன்னதில் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. ஒருவர் ஒரே வயலின் மேல்பாதியில் சி.ஆர். 1009 ரக நெல்லும், கீழ்ப்பாதியில் பி.பி.டி. 5204 ரக நெல்லும் நட்டால், விவசாயி, நிலம், பட்டம் மூன்றும் ஒன்றாகவே இருக்க, பதிவுகள் மட்டும் இரண்டாகிவிடும். அறுவடை முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இரண்டு தவணையாக மூட்டைகளைப் போட்டால், அந்த ரசீதுகளை எந்தச் சாகுபடியோடு சேர்ப்பது என்ற கேள்வியும் எழும். அடிப்படை ஈ.ஆர். மாதிரியில் ஓர் உறவை இன்னோர் உறவோடு இணைக்க வழியில்லை. ஆகையால் சாகுபடிக்கு ஒரு பதிவு எண் கொடுத்து, அதையே உருபொருளாக உயர்த்திவிடுங்கள்.

கேட்டவர்

நன்றி ஐயா. இரண்டு ரகம் நடுவது எங்கள் ஊரிலும் வழக்கம்தான். சாகுபடியை உருபொருளாக்கி, ரசீதை அதனோடு ஒன்றுக்குப் பல என்ற உறவில் இணைத்துவிடுகிறேன். நிலத்தின் திறவுகோலில் கிராமத்தையும் உட்பிரிவையும் சேர்த்துக்கொள்கிறேன்.