வெயில் பாத்தி, நிழல் பாத்தி: புது ரகப் பல்லாண்டுச் செடிகளில் எது நிலைக்கும்?

கேள்வி: களிமண்தோட்டம்
மேற்குப் பார்த்த பாத்தி ஒன்று, 4 மீட்டருக்கு 2 மீட்டர். மதியத்திலிருந்து ஆறு மணி நேரம் நேர்வெயில், மண் சுத்தக் களி. இன்னொரு பாத்தி மேப்பிள் மரத்தடியில். காலையில் இரண்டு மணி நேரம் வெயில், அப்புறம் முழு நிழல். குளிர்காலத்தில் மண் உறையும். பட்டியலைத் திறந்தால் வருஷா வருஷம் புது ரகம், படத்தில் எல்லாமே அழகு. ஆனால் ஆரஞ்சு எக்கினேசியா (கூம்புப் பூச்செடி) மூன்று வைத்ததில் ஒன்றுகூட மறுவருஷம் துளிர்க்கவில்லை. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தூர்பிரிப்பு
ஆரஞ்சு, மஞ்சள் எக்கினேசியாக்களில் பெரும்பாலும் பாரடாக்ஸா இனத்தின் கலப்பு இருக்கும். அது பாறை நிலத்துச் செடி. பழைய ஊதா எக்கினேசியா களிமண்ணைப் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது. உங்கள் செடிகளைக் கொன்றது குளிராக இருக்க வாய்ப்புக் குறைவு. குளிர்காலம் முழுக்கத் தூரைச் சுற்றி நின்ற ஈரத்தைத்தான் சந்தேகப்படுவேன். பூத்த நிலையில் தொட்டியில் விற்கிற செடிக்கு இன்னொரு சிக்கல்: சக்தியெல்லாம் பூவுக்குப் போய்விடும், தூரில் அடுத்த வருஷத்து மொட்டு கட்டாது.

மறுபடி வைப்பதானால் வசந்தத்தில் வையுங்கள். பாத்தியை 15 செ.மீ. மேடாக்கி, தூரின் கழுத்து மண்மட்டத்தில் இருக்கும்படி நட வேண்டும். முதல் வருஷம் பூந்தண்டு எழும்ப எழும்பக் கிள்ளிவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனால் பலன் அடுத்த வருஷம் தெரியும்.

ரகம் தேர்வு செய்ய, பெரெனியல் பிளான்ட் அசோசியேஷன் என்ற அமெரிக்கச் சங்கம் 1990 முதல் 'ஆண்டின் பல்லாண்டுச் செடி' என்று ஆண்டுக்கு ஒன்றாக அறிவித்துவரும் செடிகளிலிருந்து தொடங்கலாம். உங்கள் வெயில் பாத்திக்கு மூன்று (அடைப்புக்குள் அறிவித்த ஆண்டு):

'மில்லெனியம்' அல்லியம் (2018). முழங்கால் உயரம்கூட வராது, கோடையின் நடுவில் இளஞ்சிவப்பு உருண்டைப் பூ. விதை விழுந்து பாத்தியெல்லாம் பரவுகிற தொல்லை மிகக் குறைவு. முன்வரிசையில் 40 செ.மீ. இடைவெளி.

'அமெரிக்கன் கோல்ட் ரஷ்' ருட்பெக்கியா (2023). பழைய 'கோல்ட்ஸ்டர்ம்' ரகத்தில் கோடை முடிவில் இலையெல்லாம் கறுத்துப்போகுமே, அந்த இலைப்புள்ளி நோயை இது நன்றாகத் தாங்கும். இடைவெளி 60 செ.மீ.

'ஜீனா' ஃப்ளாக்ஸ் (2024). ஆளின் மார்பு உயரம் வளரும், பின்வரிசைக்கு. சாம்பல் நோய் எதிர்ப்பு இதன் பெரிய பலம். பூ சின்னது, வண்ணத்துப்பூச்சி மொய்க்கும்.

பதில்: நிழல்வேர்
மரத்தடிப் பாத்தியில் நிழலைவிட வறட்சிதான் பெரிய எதிரி. மேப்பிள் வேர் மேலாக ஓடும், தண்ணீரை அதுவே முதலில் குடித்துவிடும். அங்கே 'ஜாக் ஃப்ராஸ்ட்' புருன்னெரா (2012) வைத்தால் கோடையில் வெள்ளி இலையின் ஓரம் கருகும். 'சன் கிங்' அராலியா (2020) ஒரு மீட்டர் தாண்டி வளரும், அதே அளவு அகலமும் கேட்கும். காலை வெயில் படுகிற இடத்தில் பொன்னிறம், முழு நிழலில் எலுமிச்சைப் பச்சை. இரண்டையும் கிளை நிழல் முடிகிற விளிம்புக்குத் தள்ளுங்கள். மரத்தை ஒட்டி எபிமீடியம் என்கிற தரைமூடிச் செடி போடுங்கள், 'சல்ஃப்யூரியம்' போதும். புதுசு இல்லை, ஆனால் காய்ந்த நிழலில் அதற்கு இணையானது குறைவு.

நடும்போது பாத்தியைக் கொத்திப் புரட்டாதீர்கள். வேர்மேல் ஒரு சாண் மண்ணைக் கொட்டுவதும் வேண்டாம், வேருக்குக் காற்றுப் போகாமல் மரம் நலியும். 9 செ.மீ. தொட்டிக் கன்றாக வாங்கி, பெரிய வேர்களுக்கு நடுவே குறுகிய கரண்டியால் குழி எடுங்கள். சுண்டுவிரல் பருமனுக்கு மேல் உள்ள வேரை வெட்டக் கூடாது. மூடாக்கு 5 செ.மீ., அடிமரத்தைத் தொடாமல். முதல் இரண்டு கோடை விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

பதில்: இலைவண்ணம்
இலை நிறத்துக்காக வளர்க்கிற ஹியூக்கெராவை யாரும் சொல்லவில்லையே. புழுக்கமான கோடை என்றால் வில்லோசா இனத்தின் கலப்பு உள்ளதாகப் பாருங்கள், உதாரணம் 'கேரமல்'. அதிலிருந்து வந்த 'சிட்ரோனெல்' மஞ்சள் இலை, மதிய வெயிலில் பொசுங்கிவிடும், நிழலுக்கு மட்டும். மண் உறைந்து இளகும்போது தூர் மேலே தூக்கிக்கொண்டு வரும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வசந்தத்தில் தோண்டி, கீழ் இலை வரை புதைத்து நடுங்கள். இலை ஓரம் அரை வட்டமாகக் கடிபட்டிருந்தால் வைன் வீவில் வண்டு வந்திருக்கலாம். செடி திடீரென வாடி, இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்தால், அடியில் அந்த வண்டின் வெள்ளைப் புழு இருக்கிறதா என்று கிளறிப் பாருங்கள்.

லேபிளில் ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கும் ரகப் பெயரையும் படிக்கணும். ரோசேன் என்ற விற்பனைப் பெயரில் வரும் ஜெரேனியத்தின் ரகப் பெயர் 'கெர்வாட்'. தெரியாவிட்டால் ஒரே செடியை இரண்டு பெயரில் வாங்கிவிடுவீர்கள்.

களிமண்தோட்டம்
நன்றி. மேடு போட மணலைக் கலந்துவிடலாமா?

தூர்பிரிப்பு
வேண்டாம். களிமண்ணில் கொஞ்சம் மணல் சேர்த்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். 8 சதுர மீட்டருக்கு 5 செ.மீ. கனத்தில் மட்கு உரம் என்றால் 400 லிட்டர் ஆகும். மண் ஈரமாக இல்லாமல் கையில் உதிர்கிற நாளாகப் பார்த்து, மேல் 20 செ.மீ. மண்ணோடு கலந்து பாத்தியை உயர்த்துங்கள். ஈரத்தில் மிதித்தால் கலந்தது வீண்.