மலேசியாவுல லோரி ஓட்ட எடுக்குற ஜிடிஎல் லைசென்ஸ் மெடிக்கல்ல உங்கள உண்மையாவே செக் பண்ணாங்களா?

பிறை லோரிக்காரன்:
முன்ன போன கிளினிக்ல (பேரு வேணாம்) பிரஷர் பாத்தாங்க, செவுத்து எழுத்த படிக்கச் சொன்னாங்க, சாப் (முத்திரை) அடிச்சு அனுப்பிட்டாங்க. இந்த தடவ பட்டர்வொர்த்ல ஒரு டாக்டரம்மா. எதிர்க்க உக்காந்து, ஒரு கண்ண பொத்திக்கிட்டு என் மூக்கையே பாருங்கண்ணேன்னு சொல்லி, ஓரத்துல விரல ஆட்டி எப்ப தெரியுதுன்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க, சைடு பார்வைக்காம். புள்ளி புள்ளியா இருக்குற கலர் புக்கும் காட்டுனாங்க.

எனக்கு இனிப்பு நீர் இருக்கு, கிளிக்லசைட் மாத்திரை போடுறேன். அதக் கேட்டதும்தான் அவங்க பேனாவ கீழ வச்சாங்க. மெட்ஃபார்மின் மட்டும்னா பயம் கம்மி, கிளிக்லசைட்டும் இன்சுலினும் சுகர ரொம்ப எறக்கிரும், சாப்பாடு தள்ளிப்போனா இன்னும் மோசம்னு சொன்னாங்க. போர்ட்ல கண்டெய்னருக்கு கியூ நிக்கிறவனுக்கு சாப்பாட்டு நேரம் ஏது! வண்டியில ஏறுறதுக்கு முன்ன விரல்ல குத்திப் பாக்கணும், 5 mmol/L-க்கு (90 mg/dL) கீழன்னா சாப்பிட்டுட்டுதான் ஸ்டார்ட் பண்ணணும். ரோட்டுல கை நடுங்கி வேர்த்தா ஓரங்கட்டி, இன்ஜின ஆஃப் பண்ணி, டிரைவர் சீட்ட விட்டு எறங்கி சீனித் தண்ணி குடிக்கணும், சுகர் ஏறுன பிறகும் முக்கா மணி நேரம் ஓட்டக் கூடாது, மூளை தெளிய லேட்டாகுமாம். முதலாளிகிட்ட இத யாரு சொல்றது?

செந்தூல் பஸ்காரர்:
எனக்கு கொறட்டையில மாட்டுச்சு. டாக்டரு கழுத்த டேப் வச்சு அளந்துட்டு, வீட்டுக்காரிய உள்ள கூப்பிட்டு ராத்திரி மூச்சு நின்னு நின்னு வருதான்னு கேட்டாரு, இவ ஒண்ணு விடாம சொல்லிட்டா. தூக்க டெஸ்ட் எடுத்து, இப்ப மூச்சு நிக்காம காத்து அடிக்கிற சிபேப் மாஸ்க் போட்டுதான் படுக்குறேன். அசிங்கமாத்தான் இருக்கு, ஆனா மத்தியானம் கண்ணு சொக்குறது போச்சு.

ஜெலுத்தோங் பொண்ணு:
நீங்கல்லாம் கொடுத்து வச்சவங்க அண்ணே, லோரி, பஸ்னா டாக்டர் பேப்பர் கேக்குறாங்க, சும்மா கார் லைசென்ஸ ரினியூ பண்ண யாரு கேக்குறா. அப்பாவுக்கு குளுகோமா, ஓரப் பார்வைய கொறைக்கிற கண்ணு நோய். சார்ட்ல கடைசி வரி வரைக்கும் படிச்சிருவாரு, ஆனா லைட் மின்னும்போதெல்லாம் பட்டன அமுக்குற மிஷின்ல பாத்தா ரெண்டு பக்கமும் இருட்டு. இடது பக்கமா வர்ற மோட்டார் சைக்கிள கவனிக்கிறதே இல்ல. சாவிய கேட்டா, இந்த பினாங்கு தீவுல எனக்கு தெரியாத ரோடான்னு சண்டைக்கு வர்றாரு.

பிறை லோரிக்காரன்:
தங்கச்சி, நீங்க கேட்டா சண்டைதான். அடுத்த அப்பாயின்மென்ட்ல கூடப் போயி, டாக்டரையே அவர் மூஞ்சிக்கு நேரா சொல்ல வைங்க, அந்த ரிசல்ட் பேப்பர கையில குடுத்து.