2147483647 பகா எண் தானே? என் புரோகிராம் இல்லங்குது, அவசரம்

இருபதாவது_வளைவு:
நாளைக்கு காலைல சேலத்துல லேப் எக்ஸாம்ங்க, யாராச்சும் உடனே சொல்லுங்க. பகா எண்ணானு பாக்குற புரோகிராம், 97, 7919 எல்லாம் சரியா வருது, 2147483647 குடுத்தா மட்டும் ரொம்ப நேரம் அப்படியே நிக்குது அப்புறம் "பகா எண் இல்லை"னு வருது. புக்ல பகா எண்ணுன்னு தான் போட்டிருக்கு. ஏற்காட்டுல இப்ப செம மழை, கரண்ட் எப்ப போகும்னே தெரியல

நாலுரோடு:
எந்த லாங்குவேஜ்? கோட் எங்கப்பா?

காப்பித்தோட்டம்:
லேப்டாப் பழசா? ரேம் பத்தலன்னா பெரிய நம்பருக்கு இப்படித்தான் தொங்கும், என் தம்பிக்கும் ஆச்சு

நாலுரோடு:
தொங்கறது சரி, தப்பான விடை ஏன் வருது? ரேம் இல்லைங்க

கணக்கு_வாத்தி:
அது பகா எண்தான். 31 தடவை 2ஐ பெருக்கி 1 கழிச்சது. கணித மேதை ஆய்லர் 1772லயே கையால நிரூபிச்சிட்டார். அதுக்கு ஒரு பகா வகுத்தி இருந்தா அதை 248ஆல வகுக்கறப்ப மீதி 1 இல்லன்னா 63 தான் வரணும், அதோட வர்க்கமூலம் 46340 சொச்சம், அதுக்குள்ள அப்படி மொத்தமே 373 எண், அதுலயும் 63, 249 மாதிரி பகா எண் அல்லாததை எல்லாம் தள்ளிட்டு 311ல இருந்து ஆரம்பிச்சா போதும். இந்த அடிப்படை எதுவும் படிக்காம நேரா கோட் அடிக்க உக்காந்தா இப்படித்தான் தம்பி.

கன்னங்குறிச்சி:
அப்ப 2ஐ பகா எண் தடவை பெருக்கி 1 கழிச்சா எப்பவும் பகா எண் தானா சார்?

கணக்கு_வாத்தி:
இல்லவே இல்ல. 11 தடவைக்கு 2047, அது 23 × 89. எட்டாவது பையனுக்கே தெரியும்.

கன்னங்குறிச்சி:
கேட்டா சொல்லுங்க சார், எட்டாவது எல்லாம் எதுக்கு. இந்த மாதிரி பகா எண்ணுக்கு பட்டியல் போட்ட பழைய கணித அறிஞர் மெர்சென், 67 தடவையை அதுல சேர்த்து தப்பு பண்ணவர் தான, 1903ல கோல்ங்கற கணித அறிஞர் அதை 193707721 × 761838257287னு உடைச்சு காமிச்சார். 61 தடவையை விட்டுட்டார், அது பகா எண்.

கணக்கு_வாத்தி:
மெர்சென் காலத்துல இதை எல்லாம் சரிபார்க்க சுலபமான வழி கிடையாது, அவரை குறை சொல்லாதீங்க.

இருபதாவது_வளைவு:
சாரி அண்ணா சிக்னல் போயிடுச்சு. ஜாவா. எல்லாமே இன்ட் (int, முழு எண் வைக்கற டைப்). ஐ (i) 2ல ஆரம்பிச்சு, ஐ × ஐ அந்த நம்பரை தாண்டுற வரைக்கும் லூப்

நாலுரோடு:
அங்கதான் இருக்கு விஷயம். இன்ட்ல புடிக்கற பெரிய எண்ணே 2147483647 தான். ஐ 46340 வரைக்கும் சரி, பெருக்குனா 2147395600. 46341 ஆனதும் 2147488281 வரணும், இடம் பத்தாம மைனஸ் 2147479015 ஆயிடும். அது சின்னது தானேன்னு லூப் ஓடிட்டே இருக்கும், இன்ட்ல எது வந்தாலும் அந்த எண்ணை தாண்டவே முடியாதுல்ல. கடைசில ஐயே 2147483647 ஆகி, அதையே அதால வகுத்து மீதி 0, அதான் "இல்லை"னு வருது. ஐயை லாங்னு (long, இன்னும் பெரிய எண் புடிக்கற டைப்) மாத்துங்க.

காப்பித்தோட்டம்:
ரேமும் ஒரு தடவை பாத்துக்கோங்க

இருபதாவது_வளைவு:
லாங் போட்டேன் டக்குனு வந்துடுச்சு. ரொம்ப நன்றி அண்ணா

கன்னங்குறிச்சி:
தம்பி, ஆல் தி பெஸ்ட். சார், அந்த 248 எங்கிருந்து வருது, கொஞ்சம் சொல்லுங்க