ஒரே ஊசி, வேறு வேறு விலை: அப்பாவின் மெரோபெனம் கணக்கு

ஒத்தக்கடைக்காரன்

2021 ஐப்பசி மழை. அப்பாவுக்கு நடுங்க நடுங்கக் காய்ச்சல். 72 வயது, சர்க்கரை வேறு. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். சிறுநீர்த் தொற்று என்றார்கள். முதல் இரண்டு நாள் செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். ஊசி ஒன்று 60 ரூபாய் சுமாருக்கு இருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் சிறுநீரில் எந்தக் கிருமி என்று பார்க்கிற கல்ச்சர் ரிசல்ட் வந்தது: ஈ.கோலை கிருமி, அதிலும் அந்த மருந்தை உடைத்துப்போடுகிற ரகம். டாக்டர் மெரோபெனம் என்கிற இன்னும் வலுவான ஆன்டிபயாடிக் ஊசிக்கு மாற்றினார். எட்டு மணி நேரத்துக்கு ஒரு கிராம், ஏழு நாள். ஆக 21 குப்பி.

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டே நாளில் அப்பா எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார்.

குப்பி ஒன்று 2,400 ரூபாய் என்று பில்லில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் கோரிப்பாளையம் பக்கம் டீ குடிக்கப் போனவன், சும்மா ஒரு மருந்துக்கடையில் விசாரித்தேன். அதே மருந்து, அதே ஒரு கிராம், வேறு கம்பெனி. அட்டையில் 2,350 அச்சாகியிருந்தது. கடைக்காரர் 700 ரூபாய்க்குத் தருகிறேன் என்றார். "அப்ப இந்த 2,350 எதுக்குண்ணே?" என்று கேட்டதற்குச் சிரித்தார்.

திரும்பி வந்து வார்டில் சொன்னேன். வெளி மருந்து போட மாட்டோம் என்றார்கள். பில்லிங் கவுன்ட்டரில் இருந்த தம்பி, "கேஷ்லெஸ்தானே சார், இன்சூரன்ஸ் கட்டப்போகுது. உங்களுக்கென்ன?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பேசாமல் இருந்துவிட்டேன்.

டிஸ்சார்ஜ் அன்றுதான் விஷயம் தெரிந்தது. பாலிசி 3 லட்சம், ரூம் வாடகை ஒரு நாளைக்கு 3,000 வரைதான். நாங்கள் எடுத்தது 4,500 ரூபாய் ரூம். அதனால் மொத்த பில்லிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டார்கள். ஊசிக்கு மட்டும் 50,400-ல் 16,800 என் தலையில். கோரிப்பாளையம் கடையில் 21 குப்பியையும் என் சொந்தக் காசில் வாங்கியிருந்தால் 14,700-தான் ஆகியிருக்கும்! இன்சூரன்ஸ் இல்லாமல் வெளிக்கடையில் வாங்குகிறவன் கட்டுவதைவிட, இன்சூரன்ஸ் இருந்த நான் அதிகம் கட்டியிருக்கிறேன்.

இதே மாதிரி யாருக்காவது நடந்திருக்கிறதா?

மேலூர் மெடிக்கல்

18 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கடைக்காரர் ஏன் சிரித்தார் என்று சொல்கிறேன்.

2021-ல் மெரோபெனம் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் கிடையாது. பட்டியலில் இல்லாத மருந்துக்குக் கம்பெனி என்ன விலை வேண்டுமானாலும் அச்சிடலாம். வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான். மருத்துவமனைகள் மொத்தமாக எடுக்கிற ஊசிகளில் போட்டியே தலைகீழ். அட்டை விலை உயரமாக, வாங்குகிற விலை பள்ளமாக இருக்கிற சரக்குதான் ஓடும். நடுவில் இருக்கிற இடைவெளிதான் மருத்துவமனையின் லாபம். நோயாளி பிராண்டைத் தேர்ந்தெடுப்பதில்லையே. 2018-ல் தேசிய மருந்து விலை ஆணையம் டெல்லிப் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தபோது, சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. ஊசிக்குழாய், கையுறை எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

2022 செப்டம்பரில் மெரோபெனத்தை, விலைக் கட்டுப்பாட்டுக்கு அடிப்படையான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தார்கள். அதன் பிறகு விலைக்கு உச்சவரம்பு வந்தது. ஆனால் அந்த உச்சவரம்பு, சந்தையில் குறைந்தது ஒரு சதவீதம் பங்குள்ள பிராண்டுகள் கடைக்காரருக்குக் கொடுக்கும் விலையின் சராசரியோடு 16 சதவீதம் சேர்த்துப் போடுவது. மருத்துவமனை மொத்தமாக வாங்குகிற விலை அதற்கும் கீழேதான். இடைவெளி குறைந்தது, மறையவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துக்கான ஜி.எஸ்.டி.யும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் ஆனது.

பில்லில் பேட்ச் நம்பர் இருக்கும். குப்பியோடு ஒத்துப்பாருங்கள், எண்ணியும் பாருங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

திருமங்கலம் ரிட்டையர்டு

தம்பி, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். ரூம் வாடகை வரம்பைத் தாண்டினால் விகிதாசாரமாகக் கழிக்கலாம், சரி. ஆனால் மருந்து, உடலில் பொருத்தும் உபகரணம், பரிசோதனை இவற்றில் அப்படிக் கழிக்கக்கூடாது என்று 2020-லேயே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லிவிட்டது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் மாதிரி ரூமோடு ஏறுகிறவற்றில்தான் கை வைக்கலாம். ரூம் பெரிதானால் ஊசி விலை ஏறுமா என்ன?

என் மனைவிக்கும் இதே கதை, பிப்பெராசிலின் டாசோபாக்டம் என்கிற இன்னொரு ஆன்டிபயாடிக் ஊசியில். முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினேன். ஒரு மாதம் பதிலே இல்லை. அப்புறம் சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனுக்கு, அதாவது கம்பெனிகள் மீதான புகாரை விசாரிக்கிற குறைதீர்ப்பாளருக்கு, எழுதினேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. பிடித்த பணம் திரும்ப வந்தது. கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும் என்பதால் உங்களுக்குக் காலம் கடந்திருக்கும். மற்றவர்களாவது பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

உசிலம்பட்டி மலர்

எங்க அம்மாவுக்கும் மெரோபெனம்தான், பெரியாஸ்பத்திரியில். பத்து நாள். நாங்கள் கட்டியது பூஜ்யம். விலை எவ்வளவு என்று பார்க்கலாமே என்று குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று மட்டும் இருந்தது. அரசின் மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி அனுப்புவது அது. 1994-ல் தொடங்கிய ஏற்பாடு. பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும்தான் எங்களுக்கு.

முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் தனியாரிலும் பேக்கேஜ்தான். வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். பேக்கேஜ் என்றால் ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை, மருந்தும் அதற்குள் அடக்கம். அங்கே 2,400 ரூபாய் குப்பியை எடுத்தால் மருத்துவமனைக்குத்தான் நஷ்டம். அதனால் குறைந்த விலைச் சரக்கு தானாக வந்துவிடுகிறது.

ஒத்தக்கடைக்காரன்

ரிட்டையர்டு ஐயா, நான்கு வருடம் முன்னால் உங்களைப் பார்த்திருக்கலாம். அந்த பில் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

அண்ணா நகர் சுந்தரி

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். என் அண்ணனுக்கும் இதே மாதிரி ஊசிதான். ஐந்தாம் நாளே காய்ச்சல் விட்டது. ஊசிக்காக மட்டும்தான் படுக்கையில் இருக்கிறார் என்று தெரிந்ததும், வீட்டில் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டோம். மெரோபெனம் வகையைச் சேர்ந்த எர்டாபெனத்துக்கு மாற்றிக் கொடுத்தார், ஒரு நாளைக்கு ஒரே வேளை. முதல் டோஸை அங்கேயே போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். மிச்சத்தை நாங்களே வெளியே விலை விசாரித்து வாங்கினோம். நர்ஸம்மா தினமும் வந்து, திண்ணையில் துணி காயப்போடும் கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட்டு அரை மணி நேரம் ஏற்றிவிட்டுப் போவார்.

பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் செலவு உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயரும் எத்தனை நாள் என்பதும் எழுதியிருந்ததால் ஊசிப் பணம் முழுதாக வந்தது. நர்ஸம்மாவுக்குக் கொடுத்ததற்குத்தான் ரசீது வாங்கவில்லை, அது போயிற்று.