ரீல்ஸ் பார்த்தால் ஆங்கிலம் வருமா?

கடைசிபெஞ்ச்: பிளஸ் டூ வரை தமிழ்வழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தேன். முதல் செமஸ்டரில் வகுப்பில் பாதி தலைக்கு மேலே போனது. யூடியூபில் பாட வீடியோவை 0.75 வேகத்தில், ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்துத்தான் காது பழகியது. எங்கள் ஆங்கில மேடமோ, “இன்ஸ்டாவில் கண்தான் கெடும், இங்கிலீஷ் வராது” என்கிறார். வரும் என்கிறேன் நான். மறுப்பவர்கள் வாங்க.

இலக்கணப்புலி: வந்துவிட்டேன் தம்பி. காது பழகியது சரி, கை பழகியதா? “வெரி டயர்ட் என்று சொல்லாதே, எக்ஸாஸ்டட் என்று சொல்” என்று அரை நிமிட ரீல் வரும். சேவ் பண்ணுவீர்கள். விரலைத் தள்ளினால் அடுத்தது வடிவேலு மீம். சேவ் பண்ணியதை என்றைக்காவது திறந்ததுண்டா? அண்ணா பல்கலைக்கழகத் தாளில் 13 மார்க் கேள்வி வரும்போது இரண்டு பக்கம் கோவையாக எழுத வேண்டும். அங்கே எக்ஸாஸ்டட் உதவாது.

கடைசிபெஞ்ச்: அண்ணா, வகுப்பில் மட்டும் எழுதவா கற்றுத் தருகிறார்கள்? தமிழில் விளக்கிவிட்டு ஆங்கிலத்தில் நோட்ஸ் சொல்வார்கள், நாங்கள் அப்படியே எழுதிக்கொள்வோம். அறுபது பேரில் ஒருவன் எப்போது வாய் திறப்பது? ராத்திரி கேம் ஆடும்போது டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப்பில் கேரளா, வங்காளப் பையன்களோடு ஆங்கிலத்தில்தான் பேசியாக வேண்டும். தப்பாகப் பேசினாலும் யாரும் சிரிப்பதில்லை. அவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள்!

விடுதிப்பறவை: உங்களுக்கென்ன ப்ரோ. அந்த வாய்ஸ் சேனலில் ஒரு பெண் குரல் கேட்டால் கேமை விட்டுவிட்டு “எந்த ஊர், என்ன பேர்” என்று ஆரம்பித்துவிடுவார்கள். சரி, ஆங்கிலத்தில் ஒரு கமென்ட் போடலாமென்றால், சரியாகப் போட்டால் “பீட்டர் விடாதே”, தப்பாகப் போட்டால் ஸ்க்ரீன்ஷாட் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். அதனால் நான் பார்ப்பதோடு சரி. கேட்டால் எல்லாம் புரிகிறது, பேச நாக்கு எழவில்லை. ரீல்ஸ் கட்சிக்காரர்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கடைசிபெஞ்ச்: பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் கேளுங்கள் அக்கா. ஆறு நிமிட நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது, பேசுவது முழுக்க எழுத்திலும் இலவசமாகக் கிடைக்கும். அறையைச் சாத்திவிட்டுக் கூடவே வாசிக்கலாம்.

இலக்கணப்புலி: தம்பி, அவர்கள் 1943லேயே வானொலியில் ஆங்கிலம் நடத்த ஆரம்பித்தவர்கள். ரேடியோ பாடத்தை உங்கள் கட்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்! அந்தப் பெண் கேட்டது வேறு. தப்பைத் தப்பென்று சொல்லவும் வேண்டும், சொல்பவர் கேலி செய்யவும் கூடாது. லைக் போடுகிறவன் அதைச் செய்யமாட்டான். பழைய தாளிலிருந்து ஒரு 13 மார்க் கேள்வியை எடுத்து, ஒரு பத்தி விடை சொந்தமாக எழுதி இங்கே போடுங்கள். திருத்தித் தருகிறேன்.

விடுதிப்பறவை: எனக்கும் சேர்த்தா சார்? ஸ்க்ரீன்ஷாட் கிடையாதே?

இலக்கணப்புலி: கிடையாதும்மா. தாராளமாகப் போடுங்கள்.

கடைசிபெஞ்ச்: நாளைக்கு லேப் ரெக்கார்டு சமர்ப்பிக்கணும். சனிக்கிழமை போடுகிறேன். ஆனால் ரீல்ஸை விடமாட்டேன், சொல்லிவிட்டேன்.